தம்பிக்குக் குரல் கேட்பது நின்றுவிட்டது, வேகம் ஏன் திரும்பவில்லை?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா தன் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறார். வயது 28. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவர். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்து, மூன்று வருடமாக ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் நின்றுவிட்டன. “ஆனா பழைய ஆளா இல்லீங்க. ஒரு நாள் தவறாம பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வர்றான். கடையில நாலு சாமான் வாங்கிட்டு வாடான்னா ரெண்டோட வர்றான். கம்பெனிக்கு மறுபடியும் அனுப்பினோம். பீஸ் போதலைன்னு பத்து நாள்ல நிறுத்திட்டாங்க. அறிவே மொத்தமா மங்கிருச்சுங்களா, இல்ல ஏதோ ஒரு பக்கம் மட்டும் அடிபட்டிருக்குங்களா? எந்த வேலைக்கு அனுப்பறது?”

மொத்தமாகவா, ஒரு பக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறை ஆராய்ச்சியாளர்களும் நெடுநாளாக இதைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் முன்னெடுத்த ஒரு திட்டத்தில், மனச்சிதைவில் பாதிக்கப்படும் அறிவுத்திறன்களை நிபுணர்கள் ஏழாகப் பிரித்தார்கள்: வேகம், விடாத கவனம், ஒரு விஷயத்தை மனதில் பிடித்தபடியே வேலை செய்யும் தற்காலிக நினைவு, காதால் கேட்டதைக் கற்பது, கண்ணால் பார்த்ததைக் கற்பது, யோசித்துத் தீர்ப்பது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது. இவற்றை அளக்கப் பத்துச் சோதனைகள். காகிதத்தில் பார்த்தால் ஏழும் தனித்தனி அறை மாதிரி இருக்கும். ஆனால் ஆட்களை உட்காரவைத்து அளந்தால், ஒன்றில் மதிப்பெண் குறைந்தவருக்குப் பெரும்பாலும் மற்றதிலும் குறைகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொதுத்திறன்தான் என்கிறார்கள் சிலர். சிலர் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஏழும் உண்மையிலேயே தனித்தனி என்பவர்களும் உண்டு.

உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலைக் காட்டினால் போதும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மடை தனி. ஆனால் மேலே திறந்துவிடும் தண்ணீர் குறைந்தால் எல்லா மடையிலும் குறையும், கடைமடைக்காரர் பாடு திண்டாட்டம். தம்பிக்கு நடந்திருப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு மடை உடைந்துவிடவில்லை, பொதுவான வரத்து குறைந்திருக்கிறது. பல திறன்கள் ஒரே நேரத்தில் சேர வேண்டிய வேலைதான் இதில் கடைமடை.

அது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. தாளின் மேல்பக்கம் ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி தந்திருப்பார்கள். கீழே எண்கள் மட்டும் வரிசையாக இருக்கும். குறித்த நேரத்துக்குள் எத்தனை எண்களுக்குக் குறி போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தெரியும். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாகப் பின்தங்கியது இதில்தான். கண் தேட வேண்டும், மனம் பிடித்துவைக்க வேண்டும், கை எழுத வேண்டும், உடனே அடுத்ததுக்குத் தாவ வேண்டும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், ஓவர்லாக் அடிப்பதும் கிட்டத்தட்ட இதே சோதனைதானே? கம்பெனிக்காரர் தெரியாமலே தம்பியைப் பத்து நாள் அந்தச் சோதனையில் உட்காரவைத்திருக்கிறார்.

பால் கறப்பது வேறு. கைக்குப் படிந்த பழக்கமும் பழைய சொல்லறிவும் இந்த நோயில் மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன. கடைச் சாமான் விஷயத்தில் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். “என்னடா வாங்கச் சொன்னேன்?” என்றால் முழிப்பவர், “பருப்பா, சீரகமா?” என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடலாம். தானாக நினைவுக்குக் கொண்டுவருவதுதான் கூடுதல் சிரமம். ஆகவே சீட்டில் எழுதிக் கொடுங்கள். போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனாலும் சரி. நினைவாற்றல் வளரட்டும் என்று தினமும் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள், அதில் வளர்வது எரிச்சல்தான்.

ஏழாவதாகச் சொன்ன, அடுத்தவர் மனதைப் படிக்கும் திறன் மட்டும் கொஞ்சம் தனிக் கிணறு. மற்றதோடு ஊற்றுத் தொடர்பு உண்டு என்றாலும் தனியாகவும் வற்றும். நக்கல் புரியாமல் போவது இதில் சேர்த்தி. நம்ம பக்கம் குசும்பு இல்லாமல் ஒரு பேச்சும் நகராது, அதில் இப்படி ஒருவருக்கு என்ன பாடு என்று யோசியுங்கள். “வாங்க முதலாளி” என்று சூப்பர்வைசர் இழுத்தால் அது கேலியா மரியாதையா என்று தெரியாமல் தடுமாறலாம். வேலையில் சேர்க்கும்போதே பொறுப்பாளரிடம் நேராகப் பேசச் சொல்லிவையுங்கள்.

வேலை என்றால் என் யோசனை இதுதான். பீஸ் ரேட் வேண்டாம், ஷிப்ட் சம்பளம். ஓவர்லாக்கில் உட்காரவைக்காமல் கைமடி, பேக்கிங் மாதிரி ஒரே வேலை, ஒரே இடம். சொல்லித் தருபவர் முதலில் செய்து காட்டி, அப்புறம் கூடவே செய்யவைத்து, தப்பு நேர இடமே தராமல் படிப்படியாகக் கையை விடவேண்டும். “நீயே யோசிச்சுப் பண்ணு” என்பது இவருக்கு ஒத்துவராது, தப்பாகச் செய்ததே மனதில் ஒட்டிக்கொள்ளும். அரை ஷிப்டில் தொடங்கலாம். மாடுகளை மட்டும் விற்றுவிடாதீர்கள். தம்பி இப்போது முழுசாக ஜெயிக்கும் இடம் அது ஒன்றுதான்.

வருடாவருடம் இன்னும் மங்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பெலின் அந்தக் காலத்தில் இந்த நோயை இளம்வயது அறிவுமழுக்கம் என்றே அழைத்தார். 1908-ல் சுவிஸ் மருத்துவர் ப்ளாய்லர் அதை ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் மாற்றினார். பிற்கால ஆய்வுகளில், இந்தக் குறை பலருக்கும் முதல் தாக்குதலுக்கு முன்பே தொடங்கி, அதன்பின் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்பதாகவே தெரிகிறது. குரலை அடக்கும் மாத்திரை இந்த வேகத்தைப் பெரிதாகத் திருப்பித் தருவதில்லை. மூளைக்கான திறன்பயிற்சியும் மூச்சு வாங்கும்படியான நடையும் ஓரளவு உதவும், அந்தப் பயிற்சி வேலையோடு சேர்ந்தால் பலன் கூடுதல்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் அதில் இருந்தால், இன்னும் தேவையா என்று கேளுங்கள். அது நினைவை மந்தமாக்கக்கூடியது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவர்தான் பார்த்துக் குறைக்க வேண்டும். நடுவில் சந்தேகம் வந்தால் 14416, அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.