ஆபரேஷன் வேணுமா வேணாமா, எப்படி முடிவு பண்றாங்க?

கேள்வி: ஒரே ரிப்போர்ட்டை பார்த்துட்டு ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன்ங்கிறார், இன்னொருத்தர் பொறுத்துப் பார்க்கலாம்ங்கிறார். இந்த முடிவு தப்பாகாம இருக்க ஏதாவது முறை இருக்கா?

பதில்: இருக்குங்க. அனுபவம் ரொம்ப முக்கியம்தான், ஆனா அதை மட்டுமே நம்பினா முதல்ல மனசுல விழுந்த நோயையே கெட்டியா பிடிச்சுக்கிற ஆபத்து உண்டு, அதனாலதான் ஸ்கோர் போடுற முறையெல்லாம் வந்துச்சு. அப்பெண்டிக்ஸ் வலியையே எடுத்துக்கோங்க, 1986ல வந்த அல்வராடோ ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, மொத்தம் 10 மார்க். வலது அடிவயித்துல தொட்டா வலிச்சா 2, ரத்தத்துல வெள்ளை அணு கூடியிருந்தா 2, வலி தொப்புள் பக்கம் ஆரம்பிச்சு வலதுபக்கம் இறங்கினா 1, காய்ச்சல், வாந்தி, பசியின்மை இதுக்கெல்லாம் ஒவ்வொண்ணு, இப்படி கூட்டிக்கிட்டே போவாங்க. ரொம்ப குறைவா வந்தா அப்பெண்டிக்ஸா இருக்க வாய்ப்பு கம்மி, நடுவுல நின்னா ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்க, அதிகமா வந்தா சர்ஜன் சீக்கிரமே பார்த்தாகணும். ஸ்கோர் மட்டுமே முடிவு பண்ணாது, ஆனா எதையும் விட்டுடாம யோசிக்க வைக்கும்.

கேன்சர்னா ட்யூமர் போர்டுனு சர்ஜன், ஸ்கேனைப் பார்த்து சொல்ற ரேடியாலஜிஸ்ட், திசுவை சோதிக்கிற பேத்தாலஜிஸ்ட் எல்லாம் ஒண்ணா உக்காந்து பேசுவாங்க, அங்க சில சமயம் முதல்ல போட்ட பிளானே மாறிடும்.

என்னைக் கேட்டா இதைவிட முக்கியம், ஆபரேஷனுக்கு அப்புறம் நோயாளி எப்படி ஆனார்னு கடைசிவரைக்கும் பார்த்து எழுதி வைக்கிறது. அமெரிக்காவுல பாஸ்டன்ல எர்னஸ்ட் காட்மன்ங்கிற சர்ஜன் 1910கள்லயே இதுக்காக சண்டை போட்டவர். ரிசல்ட்டே தெரியலேன்னா, எடுத்த முடிவு சரியா தப்பான்னு யாருக்குத் தெரியும்?

நீங்க பெரிய ஆபரேஷனுக்கு, அவசரமில்லைன்னா, கண்டிப்பா செகண்ட் ஒப்பீனியன் எடுங்க. "ஆபரேஷன் பண்ணலைன்னா என்ன ஆகும்"னு ரெண்டு டாக்டர்கிட்டயும் கேளுங்க.