மார்க் ஷீட்டை மறைக்காதே, தங்கச்சி

"அக்கா, கல்யாணமாகி, கிரீன் கார்டில் கலிஃபோர்னியாவுக்கு வந்து ஏழு மாசம் ஆகிறது. இங்கே குறைந்த கட்டணத்தில் இரண்டு வருஷப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து பாலர் பள்ளி டீச்சர் வேலைக்குப் படிக்க ஆசை. ஊரில் மூணு வருஷ பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். திருப்பிக் கட்ட வேண்டாத கிராண்ட் பணத்தை எப்படித் தேடுவது, எப்படி விண்ணப்பிப்பது? ஊரில் இருக்கும் அப்பாவின் பென்ஷனைக் காட்ட வேண்டுமா? தெரிந்த ஒருவர் 200 டாலர் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா? நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறாய்.

காருக்கும் அரிசிக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். அந்த 200 டாலர் வரியைப் படித்ததும்தான் எனக்குக் கை பரபரத்தது. நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே, என் கடைசித் தங்கச்சி வயதுதான் உனக்கு இருக்கும்.

அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதே. படிப்புக்கு உதவிப் பணம் கேட்டு அரசாங்கத்துக்குப் போடும் ஃபாஃப்சா என்கிற விண்ணப்பத்தின் பெயரிலேயே முதல் வார்த்தை 'ஃப்ரீ'. அரசாங்கத்தின் தளத்தில் நீயே உன் பெயரில் கணக்கு திறந்து நிரப்ப வேண்டியது அது. கை நடுங்கினால் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபிஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். கலிஃபோர்னியாவில் 'கேஷ் ஃபார் காலேஜ்' என்று இலவச முகாம்களும் உண்டு. நான் 150 டாலர் கொடுத்து இந்தப் பாடத்தைப் படித்தேன். அப்புறம் அது 150 டாலரோடும் நிற்கவில்லை.

நான் 2003-ல், வீட்டுக்காரரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தவள். மதுரையில் பி.காம். முதல் வகுப்பு. இங்கே வந்த முதல் வருஷம் எனக்குத் தெரிந்த அமெரிக்கா என்பது ஒரு அபார்ட்மெண்ட், ஒரு லாண்டரி அறை, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் பஸ், ஒரு நூலகம், அவ்வளவுதான். 2008-ல் கிரீன் கார்டு வந்தது. அடுத்த ஜனவரியில் வீட்டுக்காரருக்கு வேலை போனது. மகனுக்கு அப்போது நாலு வயசு. வேலையில்லாதவர்களுக்குத் தரும் பணத்தில்தான் ஒன்றரை வருஷம் ஓடியது. நானும் சம்பாதித்தாக வேண்டும் என்று 2010-ல் அக்கவுண்டிங் சர்டிஃபிகேட் படிக்கக் கிளம்பினேன்.

அப்போதுதான் ஒருவர் அறிமுகமானார். நம்ம ஊர்க்காரர், கோயிலில் பார்த்த பழக்கம், வார்த்தைக்கு வார்த்தை 'சிஸ்டர்'. டாக்ஸ், இன்ஷூரன்ஸ், ஃபாஃப்சா எல்லாம் ஒரே மேஜையில் செய்து கொடுப்பார். என் ஃபாரத்தில் 'பாச்சிலர் டிகிரி பெற்றிருக்கிறீர்களா' என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'இல்லை' என்று அழுத்தினார். "பி.காம். இருக்கே சார்" என்றேன். "அது இண்டியா டிகிரி சிஸ்டர், இங்கே செல்லாது. செல்லாத டிகிரி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. இங்கே என் பி.காமை மதித்து ஒருத்தரும் வேலை தரவில்லையே!

ஃபாஃப்சா வழியாகக் கூட்டாட்சி அரசு தரும் பெல் கிராண்ட் என்பது முதல் பட்டம் வாங்காதவர்களுக்கானது. 1972-ல் தொடங்கிய திட்டம், பிறகு ரோட் ஐலண்ட் செனட்டர் க்ளெய்போர்ன் பெல்லின் பெயரை வைத்தார்கள். திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 2024-25-ல் வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஆனால் ஏற்கெனவே பாச்சிலர் பட்டம் இருந்தால் பொதுவாகக் கிடையாது, அந்தப் பட்டத்தை எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும். வேலைக்குச் செல்லாத டிகிரி, கிராண்டைத் தடுக்க மட்டும் நன்றாகச் செல்லும். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது.

உன்னுடையது மூணு வருஷப் படிப்பு. அதை அமெரிக்காவின் நாலு வருஷப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதா என்பதைக் கல்லூரி பார்த்துச் சொல்லும். நீயோ அந்த 200 டாலர்க்காரரோ சொல்லக் கூடாது. ஃபாஃப்சாவை அனுப்புவதற்கு முன்னால் மார்க் ஷீட்டையும் டிகிரியையும் எடுத்துக்கொண்டு எய்ட் ஆபிஸுக்குப் போ. "இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் போட வேண்டும்?" என்று கேள். பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 டாலர் வரை அபராதம், சிறை என்று எச்சரிக்கை ஃபாரத்திலேயே இருக்கும். அதன் கீழே இருப்பது நிரப்பிக் கொடுத்தவரின் கையெழுத்து இல்லை, உன்னுடையது.

என் கதைக்கு வருகிறேன். முதல் செமஸ்டரில் பணம் வந்தது, இரண்டாயிரத்து நூறு டாலர். வந்த வேகத்தில் வாடகைக்குப் போனது. அடுத்து, ஆரம்ப நிலை அக்கவுண்டிங்கைத் திரும்பப் படிக்காமல் மேல் வகுப்புக்குத் தாவலாம் என்று என் இந்திய மார்க் ஷீட்டை, பாடம் தேர்ந்தெடுக்க ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் நானே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே கல்லூரி, இரண்டு ஆபிஸ், நடுவில் ஒரு நடைபாதை. மூணு வாரத்தில் கடிதம் வந்துவிட்டது: பணம் முழுவதையும் திருப்பிக் கட்டு, கட்டும்வரை அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாது.

சிஸ்டர் சிஸ்டர் என்றவர் ஃபோனை எடுக்கவே இல்லை.

எய்ட் ஆபிஸில் அன்று கவுண்டரில் இருந்தவர் மெக்சிகோ பூர்வீகம் கொண்ட ஒரு அம்மா. மணி கோத்த சங்கிலியில் கண்ணாடி தொங்கும். நான் அழுதுகொண்டே பாதி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேஜை டிராயரிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். வாயில் போட்டால் புளியும் மிளகாய்த்தூளும்! பள்ளிக்கூட வாசலில் பாட்டி விற்கும் புளி உருண்டையேதான். எனக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேலதிகாரியிடம் பேசினார். வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, மாதம் 150 டாலராகப் பதினாலு தவணை போட்டுக் கொடுத்தார்கள். அதோடு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "ஃபீஸ் வெய்வருக்கு ஏன் போடவில்லை?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அப்போது அதற்கு 'பாக் ஃபீ வெய்வர்' என்று பேர், இப்போது கலிஃபோர்னியா காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட். பேரில்தான் கிராண்ட், கையில் பணம் வராது, ஒரு யூனிட் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டும் ஃபீஸை மன்னித்துவிடுவார்கள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்து, நீ கலிஃபோர்னியாவாசி என்று ஆகியிருந்தால் போதும். ஏற்கெனவே டிகிரி இருப்பது இதற்குத் தடை இல்லை. எனக்கு ஆரம்பத்திலிருந்தே நேர்மையாகக் கிடைத்திருக்க வேண்டியது இதுதான். நான் படித்தபோது யூனிட்டுக்கு 26 டாலர், இப்போது 46. நீ சொல்லும் வேலைக்கு முதலில் கேட்பது குழந்தை வளர்ச்சிப் பாடங்களில் 12 யூனிட். வெய்வரே கிடைக்காமல் போனாலும் 552 டாலர். புத்தகமும் பார்க்கிங்கும் தனி. இதற்காகப் பொய் சொல்ல வேண்டுமா, யோசித்துப் பார்.

ஆனால் இப்போதே ஓடிப்போய்ச் சேராதே. ஏழு மாசம்தான் ஆகிறது என்கிறாய். வகுப்பு தொடங்கும்போது நீ இந்த மாநிலத்தில் குடியிருக்க ஆரம்பித்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிமாநிலத்தார் கட்டணம், யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல். அதே 12 யூனிட் 3,600-ஐத் தாண்டிவிடும். வாடகை ஒப்பந்தம், மாநில ஐடி, வரித் தாக்கல் எதையும் தூக்கிப் போடாதே, தேதிதான் அங்கே பேசும். அதுவரை அடல்ட் ஸ்கூலிலோ பட்டக் கணக்கில் சேராத, கல்லூரியின் நான்-கிரெடிட் வகுப்பிலோ இங்கிலீஷ், கம்ப்யூட்டர் படி. நான்-கிரெடிட்டுக்கு ஃபீஸே கிடையாது. ஊரில் இங்கிலீஷ் மீடியம் படித்தேன் என்று முகம் சுளிக்காதே. நானும் சுளித்தவள்தான். இங்கே ஃபோனில் பேசுவது வேறு இங்கிலீஷ்.

அப்பாவின் பென்ஷனைக் காட்ட வேண்டாம். கல்யாணம் ஆகிவிட்டது, நீ தனிக் குடும்பம். கணவருடைய வருமானம் கணக்கில் வரும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய வரிக் கணக்கைத்தான் ஃபாஃப்சா பார்க்கும். அந்த வருஷம் நீ ஊரில் சம்பாதித்திருந்தால் அதையும் டாலராக மாற்றிப் போட வேண்டும். அப்போது நல்ல சம்பளம், இப்போது வேலை போய்விட்டது என்றால் எய்ட் ஆபிஸில் போய்ச் சொல், காகிதம் காட்டினால் இன்றைய நிலைமையைப் பார்த்துத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இதை நீ கேட்டால்தான் செய்வார்கள்.

கிராண்ட் வாங்கினால் சிடிசன்ஷிப் கிடைக்காது என்று உன்னிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் இனி சொல்வார்கள். அரசு உதவியை நம்பியே வாழ்வாரா என்று பார்க்கும் பப்ளிக் சார்ஜ் என்ற சோதனை குடியுரிமை விண்ணப்பத்தில் கிடையாது. நான் வெய்வரில் படித்துத்தான் சிடிசன் ஆனேன். இதைச் சொல்கிறவர்கள் யார் என்று கவனி: மகனை எம்.ஐ.டி.க்கு அனுப்பப்போவதாகப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும், கம்யூனிட்டி காலேஜ் என்றால் 'படிப்பு ஏறாதவங்க போற இடம்' என்பவர்களும்தான். நான் சேர்ந்தேன் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொட்லக் விருந்தில் ஒரு அம்மா, "ஓ, சும்மா டைம் பாஸுக்கா?" என்று கேட்டார். சாம்பாரைக் கலக்கிக்கொண்டே ஆமாம் என்றேன். பிறகு அவர் பையன் கால்குலஸை அதே கல்லூரியில், கோடை விடுமுறையில் முடித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டுபோனான். புத்திசாலிப் பையன், அம்மாவைப் போல இல்லை.

தேடுவது எப்படி என்று கேட்டாய். இணையத்தில் ஸ்காலர்ஷிப் ஸ்காலர்ஷிப் என்று தேடி ராத்திரியைக் கழிக்காதே. கல்லூரிக்கு ஒரு ஃபவுண்டேஷன் இருக்கும். உள்ளூர்க்காரர்கள், பழைய மாணவர்கள், இறந்துபோனவர்களின் குடும்பங்கள் கொடுத்து வைத்த பணம் அது, ஐந்நூறும் ஆயிரமுமாக. பெரும்பாலும் ஒரே விண்ணப்பம் போட்டால் பலவற்றுக்கும் பார்ப்பார்கள். ஃபாஃப்சா கைவிட்ட டிகிரிக்காரர்களுக்கும் அங்கே இடம் கிடைக்கும். ஒரு பக்கக் கட்டுரை கேட்பார்கள், அதற்குப் பயந்தே முக்கால்வாசி நம்மவர்கள் போடுவதில்லை.

நான் எழுதிய முதல் கட்டுரை 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்தது. லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை! ஏழைக் குடும்பம், கல்வியே கண், தங்கள் கருணை என்று ஒரு பக்கம் நிரப்பியிருந்தேன். எழுத்துப் பயிற்சி மையத்தில் இருந்த மாணவி, இருபது வயசுப் பெண், படித்துவிட்டு, "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். மறுபடி எழுதினேன். எங்கள் அப்பா மதுரையில் வைத்திருந்த பாத்திரக் கடையில் பத்தாவது படிக்கும்போதே நான் கணக்குச் சிட்டை எழுதியது, ஒரு நாள் கணக்கில் நாலு ரூபாய் இடித்ததால் கடையைப் பூட்டவிடாமல் அப்பாவை ஒன்பது மணிவரை உட்காரவைத்தது. அவ்வளவுதான் எழுதினேன். ஐந்நூறு டாலர் வந்தது. அதில் மூணு தவணை கட்டினேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். வகுப்பைப் பாதியில் விடாதே; கூட்டாட்சி அரசின் கிராண்ட் வாங்கிவிட்டு செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்கு முன்னால் எல்லா வகுப்பையும் விட்டால் ஒரு பங்கு பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வெய்வரும் மார்க் குறைந்துகொண்டே போனால் போய்விடும். வகுப்புப் பட்டியலில் புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள், முதலில் அவற்றைப் பிடி. அடையாளம் காட்டு என்று கல்லூரியிலிருந்து மெயில் வந்தால் பயந்து ஒளியாதே. போலி மாணவர்களைச் சேர்த்து கிராண்ட் சுருட்டும் கும்பல்கள் பெருகிவிட்டன, அதனால் எல்லாரையும் சோதிக்கிறார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடு.

நான் இப்போது அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஒரு பள்ளி மாவட்டத்தில் சம்பளப் பட்டுவாடா பார்க்கிறேன், பதிமூணு வருஷம் ஆகிறது. ஒரு சதம் இடித்தால் இப்போதும் வீட்டுக்குப் போக மாட்டேன்.

மார்க் ஷீட் ஒரிஜினல் உன் கையில் இருக்கிறதா? லேமினேட் செய்திருக்கிறதா? என்னுடையதை அப்பா செய்துவிட்டார், மகள் டிகிரி கசங்கக் கூடாதென்று. ஆனால் வெளிநாட்டு டிகிரியை மதிப்பீடு செய்யும் நிறுவனம், பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த கவரில் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மார்க் விவரம் நேரே வர வேண்டும் என்றது. அதை வாங்க அறுபத்தெட்டு வயசில் அப்பா மூணு முறை பஸ் ஏறினார். முதல் முறை கிளார்க் லீவு, இரண்டாம் முறை சலான் தப்பு. மூணாவது முறை, கவரின் மேல் சீல் விழுந்தது சரியாகத் தெரியவில்லை என்று அவரே நின்று இன்னொரு முறை குத்தச் சொன்னாராம். உன் அப்பாவிடம் இன்றைக்கே ஃபோனில் சொல்லி வை. அந்தக் காகிதம் வர நாளாகும்.