பல வருஷம் கழிச்சு டோட்டா 2-க்கு (அஞ்சு பேர் சேர்ந்து எதிர் டீம் அஞ்சு பேரோட மோதற ஆன்லைன் கேம்) திரும்ப வந்தா வேலைக்கு ஆகுமா?

ஆகும், தாராளமா வாங்க. ஆனா பழைய ஞாபகத்துல நேரா ரேங்க்டு மேட்ச்ல (ரேங்க் ஏறி இறங்கற மேட்ச்) போய் மிட், அதாவது நடுப்பாதை, கேட்டீங்கன்னா டீம்ல நாலு பேரும் சேர்ந்து காது கூசற மாதிரி திட்டுவாங்க, அவ்ளோதான்.

நான் விட்டது 2016-ல. காலேஜ் ஹாஸ்டல்ல லேன் கேபிள் இழுத்து வார்கிராஃப்ட் 3 கேம் மேல ஓடற பழைய டோட்டாவுல ஆரம்பிச்ச ஆளு, வேலைக்கு போனதும் டோட்டா 2 மெல்ல மெல்ல நின்னு போச்சு. நான் நிறுத்தின கொஞ்ச நாள்லயே, அந்த டிசம்பர்ல, 7.00 பேட்ச் (கேமை மாத்தற அப்டேட்) வந்துச்சு, லெவல் ஏறும்போது ரெண்டுல ஒரு பலத்தை எடுக்கற டேலன்ட் ட்ரீ, கூடுதலா ஐட்டம் வெச்சுக்கற பேக்பேக்னு எல்லாம் அதுல வந்ததுதான். மறுபடி இன்ஸ்டால் பண்ணது 2023 கடைசில. அதுக்குள்ள 7.33-ல மேப்பையே 40 சதவீதம் பெருசாக்கி வெச்சிருக்காங்க. ரோஷன்ங்கற பெரிய அரக்கன் ஒரே குழியில உக்காந்திருந்த காலம் போச்சு, இப்ப ரெண்டு குழி, பகல் ராத்திரி பார்த்து இடம் மாறுது. மூலையில ஒரு கேட் இருக்கு, அதுக்குள்ள நுழைஞ்சா எதிர் மூலையில வெளிய வரலாம். டார்மென்டர்னு ஒன்னு, அடிச்சா அடியில ஒரு பங்கை நமக்கே திருப்பி விடும். காட்டுல கிரீப் (கம்ப்யூட்டர் ஆட்டற சின்ன மிருகம்) அடிச்சா வேற ஐட்டம் விழுந்துச்சு அப்ப. லெவல் 25-தான் கடைசின்னு நினைச்சிட்டிருந்தேன், அது 30 ஆகி ரொம்ப நாளாச்சாம். அப்புறம் 2024-ல 7.36 வந்து ஒவ்வொரு ஹீரோவுக்கும் (நாம ஆட்டற கேரக்டர்) பிறவிக்குணம் மாதிரி தனியா ஒரு எபிலிட்டி குடுத்துட்டாங்க.

இதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டுதான் ஆடணும்னு உக்காந்தா ஆடவே மாட்டீங்க. பேட்ச் நோட்ஸ் படிக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன், நூத்தி இருபதுக்கு மேல ஹீரோ இருக்கு, யார் ஞாபகம் வெச்சுக்கறது. அதுக்கு பதிலா வேலை மாறாத ஒரு ஹீரோவை புடிங்க. நான் லயன் எடுத்தேன். லயன் அன்னைக்கும் ஸ்டன் பண்ணுவான், ஒருத்தனை தவளையாக்குவான், விரலை நீட்டி போட்டுத் தள்ளுவான், இன்னைக்கும் அதேதான். கிரிஸ்டல் மெய்டனும் அப்படித்தான். மேப்பு புதுசா இருந்தாலும் கையில இருக்கற வேலை பழசுங்கறதால மத்ததை நிதானமா வேடிக்கை பார்க்க முடியும்.

இன்னொரு விஷயம், இந்த ஏழெட்டு வருஷத்துல எல்லாரையும் விட நல்லா இருக்கறது சப்போர்ட், அதாவது டீமுக்கு உதவற வேலை, ஆடறவன்தான். அப்பல்லாம் கடையிலேர்ந்து ஐட்டம் கொண்டு வர்ற கூரியர் வாங்கறது நம்ம தலையில, அதுக்கு றெக்கை கட்டறதும் நம்ம காசு, எதிரியை வேவு பார்க்க நடற வார்டும் நம்ம காசு, இருபது நிமிஷம் ஆனாலும் சாதா பூட்ஸோட திரிவோம், கேரி (காசு சேர்த்து கடைசில டீமை ஜெயிக்க வெக்கற ஆளு) ஆடறவன் அந்த கூரியரையும் சாகடிச்சுட்டு நம்மளையே கேள்வி கேப்பான். இப்ப ஆளுக்கொரு கூரியர் இலவசம், அப்சர்வர் வார்டும் இலவசம், டிபிக்கு (டெலிபோர்ட் ஸ்க்ரோல்) தனி ஸ்லாட். இத பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அது பழைய சப்போர்ட்டுங்களுக்கு மட்டும்தான் புரியும்.

கை பழக்கம் வந்துடும், பயப்படாதீங்க. லாஸ்ட் ஹிட் (கிரீப்பை கடைசி அடி அடிச்சு காசு எடுக்கறது), டினை (நம்ம கிரீப்பை நாமளே கொன்னு எதிரிக்கு கிடைக்காம பண்றது) எல்லாம் சில மேட்ச்லயே ஒட்டிக்குது. வராதது ஓரத்துல இருக்கற மினிமேப் பார்க்கற பழக்கம், அதுக்கு நாளாகும். எதனால செத்தோம்னே தெரியாம சாவீங்க, செத்ததும் யார் எந்த ஸ்பெல்ல எவ்ளோ அடிச்சான்னு ஒரு கணக்கு காட்டும், அத படிங்க, பேட்ச் நோட்ஸை விட அதுல கத்துக்கறதுதான் அதிகம்.

மோடு டர்போ போடுங்க. காசும் எக்ஸ்பியும் (லெவல் ஏத்தற புள்ளி) வேகமா ஏறும், மேட்சும் சீக்கிரம் முடியும், கல்யாணம் ஆனவங்களுக்கு அதான் லாயக்கு, நடுவுல காலிங் பெல் அடிச்சா நாப்பது நிமிஷ மேட்சை விட்டு எந்திரிக்க முடியாதுல்ல. ரேங்க்டு போனா பழைய எம்எம்ஆரை (ரேங்க் மதிப்பெண்) மறந்துடுங்க, இப்ப ரேங்க் கான்ஃபிடன்ஸ்னு ஒன்னு இருக்கு, உங்க ரேங்க் சரிதான்னு கேம் எவ்ளோ நம்புதுங்கற அளவு, ரொம்ப நாள் ஆடலன்னா அது இறங்கும், 30 சதவீதத்துக்கு கீழ போனா மெடலே (ரேங்க் பேட்ஜ்) காட்டாது, மறுபடி ஆடித்தான் ஏத்தணும். கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும், ஆனா நியாயம்தான், ஏழு வருஷம் முன்னாடி இருந்த ரேங்க்ல இன்னைக்கு என்னை தூக்கி போட்டா கூட ஆடறவங்க பாவம்.

முடிஞ்சா பழைய ரூம்மேட் ஒருத்தனையாவது இழுத்துட்டு வாங்க. நான் கூப்ட்டவன் ரெண்டு குழந்தைக்கு அப்பன், ராத்திரி பதினொன்னுக்கு மேலதான் வருவான், வந்து பட்ஜ்ங்கற ஹீரோவை எடுத்து, எதிரியை இழுக்கற ஹூக்கை பூரா மரத்துல விடுவான், தோத்துடுவோம், அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்டான்னு போயிடுவான். தெரியாத நாலு பேரோட ஜெயிக்கறதுக்கு இது எவ்ளவோ மேல். தனியா ஆடறதா இருந்தா மேட்ச் ஆரம்பிச்சதுமே கத்தறவனை மியூட் பண்ணிட்டு, சப்போர்ட்டுக்கு க்யூ போடுங்க, அதுக்குத்தான் ஆளே கிடைக்க மாட்டேங்குது.