அண்ணா ஏன் தண்ணீர் கேட்பதில்லை?

கேள்வி: பனையால் விழுந்து கழுத்து முறிந்த என் அண்ணாவை நான்கு வருடமாக வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். கை கால் இயங்காது. சலம் குழாயால் போகிறது. நாரிக்குக் கீழே அடிக்கடி சிவக்கிறது. காற்று மெத்தை வாங்கினால் புண் வராதா? மற்றும்படி கரைச்சல் தராத மனுசன். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர்கூடக் கேட்பதில்லை. தம்பி அடுத்த வளவில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பான்.
- ஒரு தங்கை, கோப்பாய்

பதில்: மெத்தை வாங்குங்கள். ஆனால் மெத்தை ஆளைப் புரட்டிவிடாது; 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நீங்கள்தான் பக்கம் மாற்ற வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடம் கட்டிலில் படவே கூடாது, எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

சரி, மெத்தைக் கதை முடிந்தது. தண்ணீர் கேட்பதில்லை என்பதை ஏதோ நல்ல குணம்போல எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, பேணியைத் தூக்க முடியாதவர் கேட்காமல் எப்படிக் குடிப்பார்? பின்னேரம் குடித்தால் இரவில் குழாயில் மாட்டிய பை நிரம்பும், நீங்கள் எழும்ப வேண்டும். கூடப்பிறந்தவள் கையால் அது நடப்பதில் அவருக்கு வெட்கம். அதுதான் நாக்கு வறளக் கிடக்கிறார். இப்படிக் கிடப்பவர்களைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். எல்லா வீட்டிலும் அவர்களுக்குக் "கரைச்சல் இல்லாத ஆள்" என்றுதான் பெயர்.

தண்ணீர் குறைந்தால் சலம் தடிக்கும், குழாய் அடைக்கும், கிருமி தொற்றும். கழுத்தில் அடிபட்டவருக்கு அந்த அடைப்பு உயிர் ஆபத்து: பிரசர் திடீரென்று ஏறும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் வியர்த்துக் கொட்டும். அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி இருத்தி, குழாய் எங்கேயாவது மடிந்திருக்கிறதா என்று பார்த்து, 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். டொக்டர் குறைக்கச் சொல்லாவிட்டால் நாளுக்கு 2 லீற்றராவது போக வேண்டும். அவர் கேட்கட்டும் என்று இருக்காமல், தலைமாட்டை உயர்த்தி, மூக்குப்பேணியால் மிடறு மிடறாக நீங்களே கொடுங்கள்.

தம்பி "வந்து பார்ப்பான்"! கட்டிலில் கிடப்பது கோயில் தேரா, பார்த்துவிட்டுப் போக? அண்ணனைக் கழுவுவதும் பையை ஊற்றுவதும் அவனுடைய வேலை. பொம்பிளைப் பிள்ளை என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், நீங்களும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கே வேலிப்பொட்டால் போய்ச் சொல்லுங்கள்: இரவு 10 மணிக்கும் விடிய 4 மணிக்கும் அவன் வர வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவவும், பையை அடிவயிற்றிலுள்ள சலப்பைக்குக் கீழே, நிலத்தில் முட்டாமல் தொங்கவிடவும் பழக்குங்கள். ஒரு கிழமைக்கு மூக்கைச் சுளிப்பான், சுளிக்கட்டும். அதற்குப் பிறகு அண்ணா பின்னேரத்தில் தண்ணீர் கேட்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.