பழைய பத்திரம், குடும்பப் படங்களின் ஸ்கேனில் உள்ள கறைகளை நீக்குவது எப்படி?

தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றையும் குடும்பப் படங்கள் சிலவற்றையும் ஸ்கேன் செய்திருப்பதாகவும், கறைகளை ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஒவ்வொன்றாக அழிப்பதிலேயே பொழுது போய்விடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் இதே வேலையைத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அழிக்கும் கருவியைத் தொடுவதற்கு முன்பே பெரும்பகுதிக் கறையைப் போக்கிவிடலாம்.

எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால், அழுக்கு தாளில் இல்லை, ஸ்கேனர் கண்ணாடியில் இருக்கிறது. தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு வந்தால், ஓரத்திலுள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையைத் துடையுங்கள். பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

பத்திரத்தைக் கறுப்பு வெள்ளையில் அல்லாமல் வண்ணத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். நம் பக்கத்தில் பத்திரம் கைக்கு வந்ததும் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைப்பார்கள். அதன்பின் பீரோவுக்குள் கிடந்து தாளும் பழுப்பேறிவிடும். மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்குகின்றன. சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் ஜிம்பின் மோனோ மிக்சரில் சிவப்பை 1 என்றும், பச்சையையும் நீலத்தையும் 0 என்றும் வைத்தால், மூலை மஞ்சள் ஏறக்குறைய மறைந்துவிடும். நீல மைக் கையெழுத்தோ கருமையாக நிற்கும். மிச்சமிருக்கும் சாம்பல் நிறத்தை, வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸில் வெள்ளைப் பக்கத்து முக்கோணத்தைச் சற்று உள்ளே நகர்த்திப் போக்கலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சிவப்பு மை முத்திரையும் மஞ்சளோடு சேர்ந்து காணாமல் போகும். ஊதா மையும் மங்கக்கூடும். எனவே வண்ணப் பிரதியை அழிக்காதீர்கள். புள்ளிகளைத் தானாக நீக்கும் டெஸ்பெக்கிள் வடிகட்டியைத் தமிழ் ஆவணத்தில் நான் பயன்படுத்துவதே இல்லை, ஏனெனில் அது தூசியோடு மெய்யெழுத்தின் புள்ளியையும் தின்றுவிடும். சர்வே எண், கையெழுத்து, கைரேகை ஆகியவற்றின் மேலுள்ள கறையைத் தொடவே வேண்டாம். வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ மூலப் பத்திரம் தவிர வேறு பிரதி தேவைப்பட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல்தான் வாங்க வேண்டும்; நாம் சுத்தம் செய்த பிரதி வீட்டில் படிப்பதற்கு மட்டுமே.

படங்களை 600 டிபிஐயில் எடுத்து, மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவில் தனியே வைத்துவிட்டு, படத்தின் நகல் லேயரில் (மேலே வைக்கும் தனி அடுக்கில்) வேலை செய்யுங்கள். கன்னம், வானம், சுவர் போன்ற சீரான பரப்புகளில் ஹீல் கருவி சிறந்தது. சுற்றியுள்ள நிறத்தோடும் வெளிச்சத்தோடும் அது தானே இசைந்துகொள்ளும். ஆனால் கீறல் தலைமுடிக்கும் நெற்றிக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கடக்கும் இடத்தில் ஹீல் கருமையை நெற்றிக்குள் இழுத்துவிடும். அங்கே சிறிய தூரிகையோடு, ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவியைத்தான் எடுக்க வேண்டும். முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பல நேரங்களில் இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்து வைக்கின்றன. பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவார்.

ஏற்காட்டு வீடுகளிலிருந்து வரும் படங்களில் ஈரத்தால் பூஞ்சை படர்ந்திருப்பது வழக்கம்; சில படங்கள் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியே போயிருக்கும். அவற்றை உரித்தெடுக்க முயலாதீர்கள், படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.