கேன் பஸ் நெரிசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேன் பஸ் என்பது வண்டிக்குள் இருக்கும் கணினிப் பெட்டிகள் (இசியு) எல்லாம் ஒன்றுக்கொன்று மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் பொதுக் கம்பி ஜோடி. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பஸ் லோட் பற்றியவை, அதாவது அந்தக் கம்பி எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருக்கிறது என்பது பற்றியவை. கேட்டவர்களில் பாதிப் பேர் பஸ்ஸின் வேகத்தையே எழுதவில்லை. நொடிக்கு 125 கிலோபிட்டா 500 கிலோபிட்டா என்று சொல்லாமல் "லோட் அதிகமா?" என்று கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். வேகம், ஐடி (மெசேஜின் அடையாள எண்) 11 பிட்டா 29 பிட்டா, மெசேஜ் பட்டியல், இந்த மூன்றும் இல்லாமல் தயவுசெய்து எழுதாதீர்கள். எழுதாதவர்களுக்கு 500 கிலோபிட், 11 பிட் என்று நானே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கே: ஒரு கேன் பஸ்ஸில் அதிகபட்சம் எத்தனை மெசேஜ் அனுப்பலாம்?

8 பைட் ஃப்ரேம் (ஒரு மெசேஜைச் சுமக்கும் பொட்டலம்) ஒன்று, ஸ்டஃப் பிட்டெல்லாம் (ஒரே பிட் தொடர்ந்து ஐந்து முறை வந்தால் நடுவில் செருகும் எதிர் பிட்) மோசமாக அமைந்தால், 135 பிட். அதற்கு ஆகும் நேரம் 270 மைக்ரோசெகண்ட். நொடிக்குச் சுமார் 3,700 ஃப்ரேம். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போகும் மெசேஜ் 37 வைத்தாலே பஸ் நிரம்பிவிடும். 64 பிட் சரக்குக்கு 135 பிட் செலவு, பாதிக்கு மேல் சுமைகூலி!

கே: முக்கியமான மெசேஜுக்குப் பெரிய ஐடி கொடுத்தால் முந்துமா?

தலைகீழ். சின்ன எண்தான் முந்தும். 0 டாமினன்ட், அதாவது இருவர் ஒரே நேரத்தில் 0ஐயும் 1ஐயும் அனுப்பினால் பஸ்ஸில் 0தான் நிற்கும் என்பது முதல் நாள் பாடம்.

கே: லோட் 40 சதவீதம்தான். ஆனாலும் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரவேண்டிய ஒரு மெசேஜ் அவ்வப்போது 15 மில்லிசெகண்ட் கழித்து வருகிறது. கண்ட்ரோலர் சிப்பை மாற்றலாமா?

சிப் பாவம், அதை விடுங்கள். "லோட் 40தான்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கருவி காட்டுவது ஒரு நொடியின் சராசரி. அந்த நொடிக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு அதில் தெரியாது.

நல்லவேளை, நீங்கள் பட்டியல் அனுப்பியிருக்கிறீர்கள். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போகும் மெசேஜ் 10, 20க்கு ஒருமுறை 7, 100க்கு ஒருமுறை 13. கூட்டினால் நொடிக்கு 1,480 ஃப்ரேம், 40 சதவீதம், சரிதான். ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பினால் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை முப்பதும் சேர்ந்து வாசலில் வந்து நிற்கும். முப்பதும் போய் முடிய 8 மில்லிசெகண்ட் ஆகும். உங்கள் மெசேஜின் ஐடிதான் பட்டியலிலேயே பெரிய எண், ஆகவே அது கடைசி ஆள். அதற்கு முந்தைய முறை பத்துப் பேர் வரிசையில் கடைசியாக நின்று மூன்று மில்லிசெகண்டுக்குள் போய்விடுகிறது, இப்போது எட்டு ஆகிறது. அந்த ஐந்துதான் நீங்கள் தேடும் ஐந்து. லாக்கில் (கருவி பதிவு செய்த பட்டியலில்) அந்த மெசேஜின் அடுத்த வரியையும் பாருங்கள். அடுத்த மெசேஜ் 5 மில்லிசெகண்டுக்குள்ளேயே வந்து விழுந்திருக்கும்.

ஐடி எண்களை யார் கொடுத்தார்கள், எதை வைத்துக் கொடுத்தார்கள்? நான் பார்த்த ஒரு திட்டத்தில் அவற்றைக் குழுவாரியாகப் பங்கு போட்டிருந்தார்கள், பாகப்பிரிவினை மாதிரி. இன்ஜின் குழுவுக்கு முதல் பங்கு, சின்ன எண்கள். அதில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வெப்பநிலை, 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. ஏன் என்று கேட்டேன். "பழைய டேட்டாபேஸில் அப்படித்தான் இருந்தது." 10 மில்லிசெகண்டில் அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறிவிடும்? ஸ்டியரிங் கோணம் அதன் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

குழுவைப் பார்க்காமல் அவசரத்தைப் பார்த்து எண் கொடுங்கள். உங்கள் பத்து 10 மில்லிசெகண்ட் மெசேஜ்களுக்கும் சின்ன எண்களைக் கொடுத்தால், ஏற்கெனவே பஸ்ஸில் ஏறிவிட்ட ஒன்றையும் சேர்த்துப் பதினோரு ஃப்ரேம், 3 மில்லிசெகண்டுதான் ஆகும். லோட் அதே 40. ஒரு பைசா செலவில்லை.

அப்புறம், ஒரே இசியு அனுப்பும் மெசேஜ்களுக்கு ஆஃப்செட் (கிளம்பும் நேரத்தில் வித்தியாசம்) கொடுத்து இரண்டு மூன்று மில்லிசெகண்ட் தள்ளித் தள்ளிக் கிளப்புங்கள். வெவ்வேறு இசியுக்களுக்கு இடையில் இதை நம்பாதீர்கள், கேனில் பொதுக் கடிகாரம் கிடையாது. இசியுவில் கேனை இயக்கும் டிரைவர் மென்பொருள் மெசேஜ்களை வந்த வரிசையிலேயே அனுப்புகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அவசரமில்லாத ஒன்று முன்னால் நின்று வழியை அடைத்துக்கொள்ளும், சின்ன ஐடி உள்ளேயே சிக்கிக் கிடக்கும். ஒரு மெசேஜ் அதிகபட்சம் எவ்வளவு தாமதமாகும் என்று கணக்குப் போட 1994இல் வந்த முறையில் ஒரு பிழை இருந்து, 2007இல் திருத்தப்பட்டது. பழைய எக்செல் ஷீட்டை வைத்திருப்பவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மதிப்பு மாறும்போது மட்டும் அனுப்பினால் லோட் குறையுமே?

சராசரி குறையும். பத்து மதிப்புகள் ஒரே நேரத்தில் மாறினால்? மறுபடியும் சொல்கிறேன், சராசரியைப் பார்க்காதீர்கள். இன்னொரு சிக்கல்: சத்தமே வராவிட்டால் மதிப்பு மாறவில்லையா, அனுப்பும் இசியு செத்துவிட்டதா என்று பெறுபவருக்குத் தெரியாது. மாறும்போதும் அனுப்புங்கள், அரை நொடிக்கோ ஒரு நொடிக்கோ ஒருமுறை சும்மாவும் அனுப்புங்கள். இரண்டு மெசேஜுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி வையுங்கள், இல்லாவிட்டால் ஆடுகிற ஒரு சென்சார் பஸ்ஸையே விழுங்கிவிடும்.

கே: ஒரு ஃப்ரேமில் 8 பைட்டுக்குப் பதில் 64 பைட் வரை கொண்டுபோகும் கேன் எஃப்டிக்கு மாறினால் எட்டு மடங்கு இடம் கிடைக்குமா?

கிடைக்காது. ஆர்பிட்ரேஷன் பகுதி (யார் முந்துவது என்று ஐடியை வைத்து முடிவாகும் இடம்) பழைய வேகத்தில்தான் போகும், டேட்டா பகுதிதான் வேகமாக ஓடும், அதை 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். பழைய 8 பைட் மெசேஜ்களை அப்படியே தூக்கி வைத்தால் சுமார் இரண்டு மடங்கு. 64 பைட்டையும் நிரப்பினால் ஐந்தாறு மடங்கு. 33 பைட் வைத்தால் 48ஆகத்தான் போகும், நடுவில் அளவு கிடையாது. பழைய கேன் இசியு ஒன்றை அதே கம்பியில் விட்டுவைத்தீர்களோ, எஃப்டி ஃப்ரேமைக் கண்டதும் எரர் ஃப்ரேமாக (பிழை என்று அறிவிக்கும் ஃப்ரேம்) கொட்டும்.

கே: பின்பக்கக் கேமரா வீடியோவை கேனில் அனுப்ப முடியுமா?

1280×720, நொடிக்கு 30 படம், பிக்சலுக்கு 16 பிட் என்றால் சுமார் 440 மெகாபிட். சாதாரண கேன் 1 மெகாபிட்டோடு நின்றுவிடும். சுருக்காமல் அனுப்பினால் 100 மெகாபிட் ஈதர்நெட்டிலேயே அடங்காது.

கே: 1 மெகாபைட் மென்பொருளை ஏற்ற 12 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பஸ் போதவில்லையா?

பஸ் சும்மா தூங்குகிறது. ஃப்ரேமுக்கு 7 பைட் (எட்டில் ஒன்று வரிசை எண்ணுக்குப் போய்விடும்), மொத்தம் ஒன்றரை லட்சம் ஃப்ரேம், இடைவிடாமல் போனால் 40 நொடி. உங்கள் ஃப்ளோ கண்ட்ரோலில் (எப்படி அனுப்ப வேண்டும் என்று பெறும் இசியு சொல்லும் ஃப்ரேம்) எஸ்டிமின், அதாவது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே விடவேண்டிய குறைந்தபட்ச இடைவெளி, 5 மில்லிசெகண்ட் என்று இருக்கிறது, அதைப் பெருக்கிப் பார்த்தீர்களா? இசியு தாங்குமென்றால் 0 ஆக்குங்கள். ஏற்றும்போது மற்ற மெசேஜ்களை யுடிஎஸ் (இசியுவைச் சோதிக்கவும் மென்பொருள் ஏற்றவும் உள்ள நெறிமுறை) 28 சேவையால் நிறுத்திவையுங்கள்.

கே: லோட் திடீர் திடீரென்று 90ஐத் தொடுகிறது. எந்த மெசேஜைக் குறைக்கலாம்?

எதையும் குறைக்காதீர்கள். எரர் ஃப்ரேம்களை எண்ணிப் பார்த்தீர்களா? பிழை வந்தால் கண்ட்ரோலர் தானே திரும்ப அனுப்பும், அந்த வீண் போக்குவரத்துதான் 90. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 60 ஓம் இருக்க வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேஷன் (கம்பியின் இரு முனையிலும் இருக்க வேண்டிய 120 ஓம் மின்தடை) இல்லை. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள்.