கல்லை அசைக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் மேட்டுக்காட்டை ஜேசிபி வைத்துச் சமன் செய்கிறோம். நடுவில் வில் பிடித்த வீரன் உருவம் உள்ள பலகைக்கல் பாதி புதைந்து நிற்கிறது. வேடியப்பன் என்று பெரியவர்கள் பொங்கல் வைத்த கல்தான். ரோட்டோரம் மேடை கட்டி அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாமா?
— வாசகர், பென்னாகரம் வட்டம்

கல்லுக்கு மரியாதை செய்ய நினைப்பது மகிழ்ச்சி. ஆனால் அதை அசைக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நடுகல், அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் கற்களில் பல நடுகற்களே. பல்லவர், கங்கர், நுளம்பர் என்று ஒருவர் மாற்றி ஒருவரின் எல்லைக்கோடு இந்த மண்ணில்தான் விழுந்தது. எல்லை நாட்டில் முதல் சொத்து மாடு, முதல் சண்டையும் மாட்டுக்குத்தான். கல்வெட்டில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான்.

கல் நிற்கும் இடமும் கல்வெட்டைப் போலவே ஒரு சாட்சி. எந்த ஓடைக்கு எந்தப் பக்கம், முகம் எந்தத் திசை, பக்கத்தில் வேறு கற்கள் உண்டா, மூன்று பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடுகல் போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆய்வாளர் பேசுவார். ரோட்டோரம் போய்விட்டால் மிஞ்சுவது சிலை மட்டும்.

ஜேசிபியால் நேரும் சேதம் இரண்டு வகை. சங்கிலி கட்டி இழுத்தால் கல் மண்மட்டத்தில் முறியும். கடைசி வரிகள் அந்தப் புதைந்த பாகத்தில் இருக்கலாம். பக்கெட்டின் பல் உரசினால் விழும் கீறல், பிறகு படிக்க வருபவருக்கு எழுத்துப் போலவே தெரியும். சுற்றிலும் 10 அடியாவது விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சமன் செய்யுங்கள். சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் எழுத்தில் கொடுங்கள். வழியே இல்லை, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், புதைந்த ஆழத்தையும் திசையையும் அளந்து குறித்த பிறகு தொல்லியல் துறையினர் எடுக்கட்டும்.

மண்ணுக்குள் காசோ நகையோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் வரம்பு வெறும் 10 ரூபாய். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் இந்தக் கடமை உண்டு.

மகன் அமெரிக்காவில் வேலை செய்கிறான். நியூ மெக்ஸிகோ பக்கம் மலையேறப் போனபோது தரையில் கல்லால் செய்த அம்புமுனை ஒன்றைப் பார்த்திருக்கிறான். எடுத்து வரலாமா?
— வாசகி, ஓசூர்

வேண்டாம் என்று சொல்லுங்கள். அது யாருடைய நிலம் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். மத்திய அரசு நிலத்தில் 100 ஆண்டைத் தாண்டிய தொல்பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பும் சேதத்தைச் சரிசெய்யும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் இரண்டும் இரட்டிப்பாகும். தரையின் மேல் கிடக்கும் அம்புமுனைக்கு மட்டும் இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தேசியப் பூங்காவுக்குள் வேறு விதிகள் உண்டு, அவற்றின்படி ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்க முடியாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று அந்த மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கே ஃபோல்சம் என்ற சிற்றூர். 1908 ஆகஸ்டில் பெருவெள்ளம். அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மாட்டுப் பண்ணையின் மேலாளராக உயர்ந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் மெக்ஜங்கின், வெள்ளம் அறுத்த ஓடைக்கரையில் ஆழத்தில் எலும்புகளைப் பார்த்தார். மாட்டோடு வாழ்ந்தவருக்கு அது மாட்டெலும்பு அல்ல என்று தெரிந்தது. பலரிடமும் சொல்லிப் பார்த்தார். 1922-இல் அவர் இறக்கும்வரை யாரும் வந்து தோண்டவில்லை.

1926-இல் டென்வர் அருங்காட்சியகத்தார் தோண்டினார்கள். அழிந்துபோன பெரிய காட்டெருமை இனத்தின் எலும்புகள் வந்தன, கூடவே கல்முனைகளும். ஆனால் முனைகள் மண்ணோடு தனியாகப் பெயர்ந்து வந்துவிட்டன. 'மேலிருந்து சரிந்து விழுந்திருக்கும்' என்று அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். மனிதன் அமெரிக்காவுக்கு வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்பதுதான் அன்று மேலோங்கியிருந்த கருத்து. 1927-இல் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை தெரிந்தது. இந்த முறை அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு ஊர் ஊருக்குத் தந்தி அடித்தார்கள். வந்தவர்கள் மண்ணில் கிடந்த நிலையிலேயே கண்ணால் பார்த்தார்கள். வாதம் முடிந்தது. பனியுகத்தின் இறுதியிலேயே அங்கே மனிதன் வேட்டையாடியிருக்கிறான். இரண்டு ஆண்டும் கிடைத்தது ஒரே வகை முனைதான். நம்ப வைத்தது அது கிடந்த இடம்.

உங்கள் மகன் அம்புமுனையைத் தொடாமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, ஜிபிஎஸ் எண்ணோடு அந்த நிலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குக் கொடுத்தால் போதும்.

மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு 4,200 வயது என்கிறார்கள். இரும்பின் வயதை எப்படி அளக்கிறார்கள்?
— வாசகர், பர்கூர்

அங்கே அளந்தது இரும்பை அல்ல, அதே மண்ணடுக்கில் கிடைத்த கரியை. உயிருள்ளவரை மரம் காற்றிலிருந்து கார்பன்-14 எடுத்துக்கொள்ளும். வெட்டிய பின் அது தேயத் தொடங்கும், 5,730 ஆண்டில் பாதியாகும். மிச்சத்தை எண்ணினால் மரம் எப்போது செத்தது என்று தெரியும். அப்படி மயிலாடும்பாறையில் கி.மு. 1615, கி.மு. 2172 என்று இரண்டு காலக்கணிப்புகள் வந்தன. 2022-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் காலக்கணிப்பு இதையும் பின்னுக்குத் தள்ளி, கி.மு. 3345 வரை போனது.

ஆக, கரியும் இரும்பும் உண்மையிலேயே ஒரே அடுக்கைச் சேர்ந்தவையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எலி வளை தோண்டினால் மேல்மண் கீழே போகும். வேர் இறங்கினால் புதுக் கார்பன் கலந்து வயது குறைந்து காட்டும். கிழட்டு மரத்தின் வைரத்தை, அதாவது எப்போதோ உயிர் நின்றுபோன நடுக்கட்டையை எரித்திருந்தால் வயது கூடிக் காட்டும். அதனால்தான் கரியைக் கையால் தொடாமல் சுத்தமான கருவியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிப்பார்கள். காகிதமும் பஞ்சும் தாமே கார்பன், அவற்றின் இழை ஒட்டக்கூடாது. ஆழத்தை அங்கேயே எழுதிவிடுவார்கள்.

மல்லசந்திரத்தில் உள்ள கல்வீடுகளில் குள்ளர்கள் வாழ்ந்தார்களா?
— பள்ளி மாணவி, காவேரிப்பட்டணம்

இல்லை. அவை கல்திட்டைகள், பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். நான்கு பக்கமும் பலகைக்கல், மேலே மூடுகல். சிலவற்றில் பலகையில் வட்டமாகத் துளை இருக்கும், அதற்கு இடுதுளை என்று பெயர். சின்ன வாசலாகத் தெரிவதால் குள்ளர் கதை பிறந்திருக்கும். போனால் மூடுகல் மேல் ஏறாதீர்கள்.

ஊர்க்கோயில் கல்லில் எழுத்து மங்கலாக இருக்கிறது. சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்கலாமா?
— வாசகர், அரூர்

சாக்பீஸ், சுண்ணாம்பு, மாவு எதுவும் வேண்டாம். நீங்கள் எழுத்து என்று நினைத்த கோட்டில்தான் வெள்ளை பூசுவீர்கள். அடுத்தவர் உங்கள் ஊகத்தைத்தான் படிப்பார். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

பூசாரியிடம் கேட்டுவிட்டு, தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்து மண்ணை மட்டும் மெதுவாகக் கழுவுங்கள். பல ஆண்டு எண்ணெயும் மஞ்சளும் இறுகிய படலத்தைச் சுரண்டாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்து அடித்தால் ஒவ்வொரு வெட்டும் நிழலை நிரப்பிக்கொண்டு எழும். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கமும் வெளிச்சம் மாற்றி நான்கு படம். செல்போனை அசைக்காமல் கல்லுக்கு நேர் எதிரே வையுங்கள். ஓரத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். கல் நடுகல்லாக இருந்தால் வீரனின் தலைக்கு இருபுறமும், தோளுக்கு மேலும், வில்லின் வளைவுக்குள்ளும் தனித்தனியாக எடுங்கள், இடம் போதாமல் எழுத்தை அங்கெல்லாம் நெருக்கியிருப்பார்கள். காலடியில் மாடோ கெண்டியோ (மூக்கு வைத்த செம்பு) செதுக்கியிருந்தால் அதையும் விடாதீர்கள்.

மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் படியெடுப்பதை, பழகியவரிடம் விடுங்கள். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, தாள் பாதி காய்ந்த நிலையில் மையை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை ஊறிப் பரவும், காய்ந்தால் தாள் உரிந்துவிடும். படங்களைத் தர்மபுரி அகழ்வைப்பகத்தில் (தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்) காட்டுங்கள், அங்கேயே வரிசையாக நடுகற்கள் நிற்கின்றன. படத்தோடு கல் எந்தத் திசை பார்க்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொண்டுபோங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.